எலோ புள்ளியும் கல்லூரிக் கட்டணமும்

செஸ் ஆடும் பிள்ளையிடம் "எப்படி ஆடுவாய்?" என்று கேட்டால், நான்கு இலக்க எண் ஒன்றைச் சொல்லும். 1650, 1900, 2100 என்று. அதுதான் ரேட்டிங். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் செஸ் உதவித்தொகை பற்றிய பேச்சே இந்த எண்ணில்தான் தொடங்குகிறது.

இதை வகுத்தவர் அர்ப்பாத் எலோ. ஹங்கேரியில் பிறந்து சிறுவயதிலேயே அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். மில்வாக்கி நகரில் இயற்பியல் பேராசிரியர். தானும் நல்ல ஆட்டக்காரர். அவருடைய முறையை அமெரிக்க செஸ் கூட்டமைப்பு 1960இலும், உலகக் கூட்டமைப்பான ஃபிடே 1970இலும் ஏற்றன.

பரீட்சை மதிப்பெண் முடிந்துபோன ஒன்றைச் சொல்லும். எலோ புள்ளியோ இனி நடக்கப்போவதைக் கணிக்கும். வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் 200 புள்ளி இடைவெளி இருந்தால், 100 ஆட்டங்களில் வலுவானவர் சுமார் 76 எடுப்பார், மற்றவர் 24 எடுப்பார் என்கிறது சூத்திரம். இடைவெளி 400 ஆனால் சுமார் 91க்கு 9.

ஓர் ஆட்டத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம். 2100 உள்ளவரும் 1900 உள்ளவரும் மோதுகிறார்கள். எதிர்பார்த்த முடிவுக்கும் கிடைத்த முடிவுக்கும் உள்ள வித்தியாசத்தை ஓர் எண்ணால் பெருக்கினால் ரேட்டிங் மாற்றம் கிடைக்கும்; பெரியவர்களின் ஆட்டத்தில் இந்த நிலையில் அந்தப் பெருக்கும் எண் 20. எதிர்பார்த்தபடி வலுவானவர் வென்றால் அவருக்கு 4.8 புள்ளிதான் ஏறும். 1900காரர் வென்றுவிட்டால் அவருக்கு 15.2 ஏறும். இளையோருக்கு இன்னும் வேகம்: 18 வயதுக்கு உட்பட்டவருக்கு, ரேட்டிங் 2300ஐத் தொடும்வரை, பெருக்கும் எண் 40. அதே வெற்றி ஒரு பள்ளி மாணவிக்கு 30.4 புள்ளி தரும். தோற்றால் இழப்பது 9.6.

இந்த ரேட்டிங்கைத் தேடி வரும் பல்கலைக்கழகங்கள் எவை? மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் ஆலன் ஷெர்மன் என்ற கணினிப் பேராசிரியர் 1990களில் வலுவான அணியைக் கட்டினார். டல்லாஸிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் டிம் ரெட்மன் என்ற இலக்கியப் பேராசிரியர் 1996இல் செஸ் திட்டத்தைத் தொடங்கினார். பின்னர் டெக்சாஸ் டெக், வெப்ஸ்டர், ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு, செயின்ட் லூயிஸ், மிசூரி என்று வரிசை நீண்டது. பல்கலைக்கழகங்கள் மோதும் பான் அமெரிக்கன் போட்டியில் ஓர் அணிக்கு நான்கே பலகை. மேலே நிற்கும் அணிகளில் பெரும்பாலும் கிராண்ட்மாஸ்டர்கள். ஆகவே முழு உதவித்தொகைக்கான இடங்கள் மிகக் குறைவு.

ஆனால் சிறு தொகையையும் தள்ளிவிடக் கூடாது. டெக்சாஸின் அரசுப் பல்கலைக்கழகங்களில், போட்டியிட்டுப் பெறும் உதவித்தொகை ஆண்டுக்கு 1,000 டாலரை எட்டினால், வெளிநாட்டு மாணவருக்கும் அந்த மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணமே வசூலிக்கச் சட்டம் இடம் தருகிறது. மிச்சமாகும் கட்டணம் அந்த 1,000 டாலரைப் போலப் பல மடங்கு.

விண்ணப்பிக்கிறவர் ஃபிடே ரேட்டிங், அண்மையில் ஆடிய ஆட்டங்கள், பள்ளி மதிப்பெண் மூன்றையும் சேர்த்து அணியின் பயிற்சியாளருக்கு நேரடியாக எழுத வேண்டும். தொகை கல்விக் கட்டணத்துக்கு மட்டுமா, விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்தா, அடுத்த ஆண்டும் தொடர எவ்வளவு மதிப்பெண் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

மறுபடி அந்த மாணவியிடம் வருவோம். தன்னைவிட 200 புள்ளி கூடியவர்களோடு ஆடி, நான்கு ஆட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றால் அவள் எண் ஏறக்குறைய அசையாது. வீட்டில் உட்கார்ந்து முடிவாட்டங்களைப் படித்து, நான்குக்கு இரண்டு வெல்லத் தொடங்கினால் ஒவ்வொரு போட்டியிலும் எண் மேலே ஏறும். அவள் உண்மையான வலுவை எட்டிப் பிடிக்கும்வரை நிற்காது. எலோவின் கணக்கில் உழைப்பு முன்னே போகிறது, எண் அதன் பின்னால் வருகிறது.