தீயும் இரும்புப் பெட்டியும்

தலைமுறை தலைமுறையாக அரமும் சுத்தியலும் பிடித்து, லீவர் தகடு ஒவ்வொன்றையும் கையாலேயே இழைத்து, மாங்காய்ப் பூட்டு முதற்கொண்டு கோயில் கதவுகளுக்குரிய பெரும்பூட்டுகள் வரையில் செய்து வந்த திண்டுக்கல் தொழிலாளர்களின் கைத்திறனுக்கு, 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அவ்வூர் பூட்டுக்கு மட்டுமல்லாமல் இரும்புப் பெட்டிக்கும் நெடுங்காலமாகப் பிரசித்தி பெற்றது. வீட்டுப் பத்திரம், தாய்ப் பத்திரம், பட்டா, பாலிசி, பிள்ளைகளின் சான்றிதழ்கள் ஆகிய சகல ஆஸ்திக்கும் ஆதாரமான காகிதங்களை அத்தகைய பெட்டியிலோ பீரோவிலோ வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவுடன், இனி ஒரு பயமும் இல்லை என்று மனம் ஆறுதல் கொள்வது இயல்பே. ஆனால் அந்த ஆறுதலில் ஒரு பாதிதான் நியாயமானது என்பதை நம்மில் பலர் அறியோம்.

பூட்டும் கனத்த இரும்பும் திருடனை உத்தேசித்து ஏற்பட்டவை. அக்கினிக்குச் சாவி வேண்டியதில்லை. வீடு பற்றி எரிகையில் ஓர் அறையின் உஷ்ணம் 600 டிகிரி செல்ஸியஸைக் கடந்துவிடுவது சர்வ சாதாரணம். காகிதமோ 200 டிகிரியை ஒட்டியே பழுப்பேறத் தொடங்கி, சுமார் 230 டிகிரியில் தீப்பற்றக்கூடியது. உஷ்ணத்தை வெகு சீக்கிரம் கடத்துகிற இரும்புத் தகட்டுக்கு இப்பால் நெருப்பும் அப்பால் காகிதமும் இருக்குமானால், பெட்டி உருகாமலும் பூட்டு பழுதாகாமலும் கதவு அசையாமலும் நிற்க, உள்ளே உள்ள பத்திரம் மட்டும் கரியாகி, கைபட்ட மாத்திரத்தில் உதிர்ந்துபோகும்.

தீயைத் தாங்கும் பெட்டியின் சூட்சுமம் இரும்பில் இல்லை, நீரில் இருக்கிறது. அதன் சுவர் இரண்டு தகடுகளால் ஆனது. இடையே ஜிப்சம் அல்லது விசேஷமான கான்கிரீட் கலவையை நிரப்புகிறார்கள். கையால் தொட்டால் உலர்ந்த கல்லைப் போலிருக்கும் ஜிப்சத்தின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, அதனுள் பிணைந்து கிடக்கும் நீரே. இட்லிக் கொப்பரையில் தண்ணீர் உள்ளவரையில் இட்லி கருகாதல்லவா? அதேபோல, அந்த நீர் முழுவதும் ஆவியாகித் தீரும்வரையில் வெளியே எத்தனை ஜுவாலை எழுந்தாலும் உள்ளே உஷ்ணம் அளவு கடந்து ஏறுவதில்லை. தீர்ந்தபின் ஏறும். ஆகையால்தான் இப்பெட்டிகளை அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி என்று காலக்கணக்கில் சோதிக்கிறார்கள். அந்த அவகாசத்தில் உள்ளுஷ்ணம் 177 டிகிரியைத் தாண்டலாகாது என்பது காகிதத்துக்காக உலகெங்கும் வழங்கும் ஒரு நியதி. பென் டிரைவ் போன்றவை இதைவிடக் குறைந்த உஷ்ணத்திலேயே பழுதாகக்கூடும். அவற்றை இந்தப் பெட்டியை நம்பி வைத்தல் தகாது.

தீ அணைந்த பிறகும் ஓர் அபாயம் உண்டு. 1906-இல் சான் பிரான்சிஸ்கோ நகரம் பூகம்பத்திலும் தீயிலும் அழிந்தபோது, சாம்பலுக்கிடையே நின்ற பெட்டகங்களைச் சிலர் பொறுமையின்றிச் சூடு ஆறுமுன்பே திறந்தார்கள். காற்றுப் பட்டதும் அதுவரை பிழைத்திருந்த காகிதங்கள் குப்பென்று பற்றிக்கொண்டன. தீயில் நின்ற பெட்டியை நன்றாகக் குளிரவிட்டே திறக்க வேண்டும்.

நீர் பொதிந்த சுவராதலால் இப்பெட்டியினுள் ஈரம் கசிந்து காகிதத்தில் பூஞ்சை பிடிப்பதுண்டு. அடிக்கடி திறந்து காற்றோட்டம் விடுவதும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றை இடுவதும் நன்று. பெட்டியின் கனமோ மிக அதிகம். ஆதலால் மாடியில் வேண்டாம்; தரைத்தளத்தில், அடுப்பங்கரைக்கும் காஸ் சிலிண்டருக்கும் தொலைவான சுவரோரம் உசிதம்.

பெட்டி வாங்க வசதி இல்லாதவர்கள் கலங்க வேண்டியதில்லை. பதிவான கிரயப் பத்திரத்தின் சான்றிட்ட நகலை, 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின்படி, சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் செலுத்திப் பெற்றுக்கொள்ளலாம். மூலப் பத்திரம் இல்லாமல் வங்கிக் கடனுக்கு அலையும் அலைச்சல் பெரிதுதான். எனினும் உரிமை அழிவதில்லை. ஆனால் பதிவு செய்யாத உயில் எரிந்தால் அதற்கு நகல் எந்த அலுவலகத்திலும் இல்லை. ஆகவே உயிலை முன்கூட்டியே முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடமே ஒப்படைத்து வைக்க அதே சட்டம் இடம் தருகிறது. இந்த வசதியைப் பெரியவர்கள் அவசியம் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

பெட்டி செய்வோரிடமும் விற்போரிடமும் ஒரு விண்ணப்பம். தீயைத் தாங்கும் என்று சொல்லி விற்கும் ஒவ்வொரு பெட்டியின் கதவிலும், எத்தனை நிமிஷம் தாங்கும், எந்த உஷ்ணத்தில் சோதிக்கப்பட்டது என்பதைத் தமிழில் பொறித்துக் கொடுங்கள். அது பொறிக்கப்படாத பெட்டியைத் தீக்குப் பாதுகாப்பென்று நம்பி வாங்காதீர்கள், வாசகர்களே.