பங்கும் குரலும்: முத்துக்குளித்துறை தரும் பாடம்

உழைப்பவனுக்கு உரியது கூலி மட்டும்தானா? தொழிலை நடத்தும் முறையிலும் அவனுக்குச் சொல்லுரிமை உண்டா? பணியிட மக்களாட்சி என்று இன்று அறிஞர் பேசும் இக்கேள்விக்குத் தூத்துக்குடிக் கடற்கரையின் வரலாறு மூன்று விடைகளை வைத்திருக்கிறது.

முதலாவது, முத்துச் சலாபம். ஆங்கிலேயர் ஆட்சியின் பிற்காலச் சலாபங்களில் எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளிப்போர் தரப்புக்கும் எஞ்சியது அரசுக்கும் சேர்ந்தது. பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் மூச்சடக்கி மூழ்கினர். எனினும் எந்தப் பாரில், எந்நாளில் குளிப்பது என்பதை அரசே முடிவு செய்தது. இங்கே பங்கு இருந்தது, குரல் இல்லை.

இரண்டாவது, வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் நிறுவிய சுதேசிக் கப்பல் நிறுவனம். மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். இவற்றுள் 8,000 பங்குகளை 2 லட்சம் ரூபாய்க்கு ஏற்றவர் ஹாஜி முகம்மது பக்கீர் சேட். அந்நியரின் கப்பல் ஆதிக்கத்தை எதிர்த்த இம்முயற்சியில் உடைமை நம்மவர்க்கு வந்தது. ஆயினும் பங்கு நிறுவனத்தில் குரல் முதலைச் சார்ந்தது. மூட்டை சுமந்தவனின் உழைப்பைச் சார்ந்ததன்று.

மூன்றாவது, கோரல் மில். நீண்ட வேலை நேரத்தாலும் குறைந்த கூலியாலும் நலிந்த தொழிலாளர் 1908 பிப்ரவரி 27 அன்று வேலைநிறுத்தம் தொடங்கினர். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் வழிகாட்டினர், நகரமக்கள் துணைநின்றனர். சில நாள்களிலேயே நிர்வாகம் இணங்கி, ஊதிய உயர்வும் ஞாயிறு விடுமுறையும் அளித்தது. ஒரு பங்குகூட இல்லாதவர் குரல் பெற்ற தருணம் இது. ஆனால் மார்ச் 12 அன்று தலைவர்கள் கைதாயினர். குரலைக் காக்கும் நிலையான சங்கம் அதற்குள் உருவாகவில்லை.

வ.உ.சி.யைப் பணியிட மக்களாட்சியின் கோட்பாட்டாளர் என்பது மிகையாகும். எனினும் முதலாளியரை ஒன்றுதிரட்டிய அதே மனிதர் தொழிலாளர் பக்கமும் நின்றார் என்பது நோக்கத்தக்கது. சுதேசி உடைமை மட்டும் நீதியாகிவிடாது என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.

1976இல் நிறைவேறிய 42ஆம் திருத்தம், நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்பை 43ஏ பிரிவாக அரசியலமைப்பில் சேர்த்தது. ஆயின் அது வழிகாட்டு நெறியே. நீதிமன்றத்தில் வற்புறுத்திப் பெறும் உரிமையன்று. பங்கும் குரலும் ஒருங்கே உழைப்பவனைச் சேரும் நாளே அக்கேள்விக்கு முழு விடை கிடைக்கும் நாள்.