கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி

டயாலிசிஸ் பெறும் நோயாளர் பலர், குளிர்காலத்தில் இருள் விலகுமுன்னரே வீட்டிலிருந்து புறப்படுகின்றனர். அவர்களை அழைத்துவரும் பிள்ளைகளிலும் மருமக்களிலும், ஒன்ராறியோவில் அண்மையிலேயே சாரதி அனுமதிப்பத்திரம் பெற்றோர் உண்டு. இக்கட்டுரை அவர்களுக்கானது.

கறுப்புப் பனிக்கட்டி எனப்படினும் அது கறுப்பு நிறமுடையதன்று. கண்ணாடி போன்ற மெல்லிய படலத்தினூடாகத் தார் வீதியின் நிறமே தெரிவதால், வீதி வெறுமனே நனைந்திருப்பதாகத் தோன்றும். பகலில் உருகிய பனி இரவில் மீண்டும் உறைவதால் விடியற்காலையே ஆபத்து மிகுந்த வேளை. கடுங்குளிர் நாட்களைவிட, வெப்பநிலை 0 பாகையை அண்டிநிற்கும் நாட்களையே நாம் கூடுதலாக அஞ்ச வேண்டும். அந்நிலையில்தான் பனிக்கட்டி மிகவும் வழுக்கும். வாகனத்தின் வெப்பமானி 2 பாகை எனக் காட்டினாலும் ஆறுதல் கொள்ளாதீர்கள். அது காற்றின் வெப்பநிலை. வீதியின் மேற்பரப்பு அதற்குள் உறைந்திருக்கலாம்.

மேலும் கீழும் குளிர்காற்றுப் படுவதால் பாலங்கள் முதலில் உறைகின்றன. நெடுஞ்சாலை 401இன் மேம்பாலங்களிலும் ஏறிறங்கும் வளைவுகளிலும் முன்கூட்டியே வேகத்தைக் குறையுங்கள். வீதி ஈரமாக மின்னியும் முன்செல்லும் வாகனத்தின் சில்லுகள் நீரைத் தெறிக்கவில்லையாயின், அது நீரன்று. சில்லுகளின் ஓசை திடீரெனத் தணிவதும், ஸ்டியரிங் இலேசாவதும் அவ்வாறே. இவை அனைத்துக்கும் முன்னதாக, வீட்டு வாசலில் உங்கள் காலணி வழுக்குவதே முதல் எச்சரிக்கை. அங்கு நோயாளரைக் கைத்தாங்கலாக அழைத்துவாருங்கள். வாகனத்தில் ஏறுமுன் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வோரும் உளர்.

வாகனம் வழுக்கும் கணத்தில் கால் தானாகவே பிரேக்கை நாடும். அதைச் செய்யாதீர்கள். அக்சிலேற்றரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, நீங்கள் செல்லவேண்டிய திசையை நோக்கியபடி, ஸ்டியரிங்கை அத்திசைக்கே மென்மையாகத் திருப்புங்கள். நிறுத்தியே ஆகவேண்டுமெனில், ஏபிஎஸ் உள்ள வாகனத்தில் பிரேக்கை உறுதியாக அழுத்தி விடாமல் வைத்திருங்கள். மிதிகட்டை அதிர்வது இயல்பே. குரூஸ் கன்ட்ரோலைப் பயன்படுத்தலாகாது. நான்கு சில்லு இயக்கம் புறப்பட உதவுமேயன்றி நிறுத்த உதவாது. 7 பாகைக்குக் கீழே சாதாரண டயர்களின் இறப்பர் இறுகத் தொடங்குவதால், குளிர்கால டயர்கள் வீண் செலவல்ல.

விபத்துக்கு அவசரமும் காரணமாகும். நேரம் தவறினால் சிகிச்சை கிடைக்காதோ என்ற அச்சத்திலேயே பலர் வேகமெடுக்கின்றனர். புறப்படுமுன் 511ஐ அழைத்து நெடுஞ்சாலை நிலையை அறிந்து, தாமதமாகும் எனில் சிகிச்சைப் பிரிவுக்கு உடனே தெரிவியுங்கள். சிகிச்சையைத் தவறவிடுவது வேறு, பிந்தி வருவது வேறு. அப்பிரிவின் தொலைபேசி இலக்கத்தை நோயாளரின் கைபேசியிலும் பதிந்துவையுங்கள். வழியில் அழைக்க நேர்ந்தால் அவரே அழைக்கட்டும், உங்கள் கைகள் ஸ்டியரிங்கிலேயே இருக்கட்டும்.