காப்பீட்டுத் திட்ட மருத்துவமனை அங்கீகாரம்

காப்பீட்டுத் திட்ட மருத்துவமனை அங்கீகாரம் என்பது, அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் பயனாளிகளுக்குக் கட்டணமின்றிச் சிகிச்சை அளித்து, அதற்கான தொகையைத் திட்டத்திடமிருந்து பெற்றுக்கொள்ள ஒரு மருத்துவமனைக்கு வழங்கப்படும் ஒப்புதல் ஆகும். இவ்வொப்புதல் சிகிச்சைப் பிரிவு வாரியாக வழங்கப்படுகிறது. எனவே எலும்பு மருத்துவத்திற்கு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் இதய அறுவைச் சிகிச்சைக்குக் காப்பீட்டு அட்டை பயன்படும் என்று கொள்ள இயலாது.

பின்னணி

தமிழ்நாட்டில் 2009 ஆம் ஆண்டு கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து 2012 சனவரி 11 அன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2018 செப்டம்பரில் இது நடுவண் அரசின் பிரதம மந்திரி ஜன் ஆரோக்கிய யோஜனாவுடன் இணைக்கப்பட்டு, குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை காப்பீடு வழங்கப்பட்டது.

கொங்கு நாட்டில்

கோயம்புத்தூரில் 1966 இல் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையுடன், அறக்கட்டளை மற்றும் தனியார் மருத்துவமனைகள் பலவும் உள்ளன. திருப்பூர், ஈரோடு, நீலகிரி மாவட்டங்களிலிருந்தும் உயர் சிகிச்சைக்காக மக்கள் இந்நகருக்கு வருகின்றனர். 2022 இல் திருப்பூர், நாமக்கல், உதகமண்டலம் ஆகிய இடங்களில் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. வால்பாறையிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சமவெளிக்கு வரும் தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு, எந்த மருத்துவமனை எந்தப் பிரிவில் அங்கீகாரம் பெற்றுள்ளது என்பது செலவையும் காலத்தையும் தீர்மானிக்கும் செய்தியாகும்.

விண்ணப்பிக்கும் முறை

மருத்துவமனை முதலில் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் (ஒழுங்குமுறைப்படுத்துதல்) சட்டம், 1997 இன் கீழ்ப் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். தேசியத் திட்டத்தின் வழிகாட்டுதல்களின்படி பின்வருவன முதன்மையானவை:

- குறைந்தது 10 உள்நோயாளர் படுக்கைகளும், 24 மணி நேரமும் பணியில் மருத்துவரும் செவிலியரும் இருத்தல் வேண்டும்.
- ஒவ்வொரு சிறப்புப் பிரிவுக்கும் உரிய தகுதி பெற்ற மருத்துவர், கருவிகள், அறுவை அரங்கு முதலியன வேண்டும்.
- வசதியுள்ள எல்லாப் பிரிவுகளுக்கும் விண்ணப்பிக்க வேண்டும். ஆதாயம் தருபவற்றை மட்டும் தெரிவு செய்தல் கூடாது.

விண்ணப்பம் இணையவழியே பெறப்படுகிறது. மாவட்டக் குழு நேரில் ஆய்வு செய்து பரிந்துரைக்கும். மாநிலக் குழு முடிவெடுக்கும். உள்நோயாளர் வசதியுடைய அரசு மருத்துவமனைகள் அங்கீகாரம் பெற்றவையாகவே கருதப்படுகின்றன.

கடமைகள்

அங்கீகாரம் பெறும் மருத்துவமனை, ஒவ்வொரு சிகிச்சைக்கும் முன்னரே வரையறுக்கப்பட்ட தொகுப்புத் தொகையை ஏற்றுக்கொள்கிறது. தேசியத் திட்டத்தில் இத்தொகை, அனுமதிக்கு முந்தைய 3 நாட்களின் செலவையும், வீடு திரும்பிய பின் 15 நாட்களுக்கான மருந்தையும் உள்ளடக்கும். திட்டத்தில் அடங்கிய சிகிச்சைக்கு நோயாளியிடம் தனியே பணம் பெறுதல் விதிமீறல் ஆகும். இதற்குத் தண்டத் தொகை, தற்காலிக நிறுத்தம், பட்டியலிலிருந்து நீக்கம் ஆகிய நடவடிக்கைகள் உண்டு.

சிக்கல்கள்

தொகுப்புத் தொகை உண்மைச் செலவைவிடக் குறைவு என்றும், தொகை வந்துசேரக் காலதாமதம் ஆகிறது என்றும் பல மாநிலங்களில் தனியார் மருத்துவமனைகள் கூறிவந்துள்ளன. மருத்துவமனைகள் விலகினால் பட்டியல் சுருங்கி, நோயாளி மேலும் தொலைவு செல்ல நேரிடும். விதிகளைத் தளர்த்தினாலோ தரமற்ற சிகிச்சைக்கு இடமுண்டாகும். இவ்விரண்டுக்கும் இடையிலான சமநிலையே அங்கீகார முறையின் அடிப்படைச் சிக்கலாகும்.