குத்திய காதும் காக்கும் நாட்களும்

காது குத்துதலைச் சிறப்பாகச் செய்வோர் பலர். குத்திய காதைச் சிறப்பாகக் காப்போர் சிலரே. மாமன் மடியிற் குழந்தையை இருத்திப் பத்தர் ஊசியெடுக்கும் சடங்கு ஒரு நாழிகையில் முடிந்துவிடும். துளை ஆறுவதோ வாரக்கணக்கான காரியம். அக்காரியத்தைப் பற்றியே ஈண்டுச் சில கூற விழைகின்றேன்.

இது பற்றி முன்னோர் அறியாதாரல்லர். வடமொழி மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதை, சூத்திரத்தானத்து 16 ஆம் அத்தியாயத்திற் காது குத்தும் முறையை விரித்துரைக்கின்றது. சூரிய ஒளி ஊடுருவித் தெரியும் இடத்தைத் தேர்ந்து குத்துக என்கின்றது. இரத்தம் மிகுந்து நோவும் மிகுமாயின், குத்திய இடம் பிழையென்று கொள்க என்கின்றது. பின்னர்த் துளையில் திரியிட்டு, காய்ச்சாத எண்ணெய் வார்த்து, மூன்று நாட்களுக்கொருமுறை திரியைச் சிறிது சிறிதாகப் பருமனாக்குமாறு விதிக்கின்றது. நம் வீடுகளிற் பாட்டிமார் வேப்பம் ஈர்க்கைச் செருகியதும், காதோலையைச் சுருட்டிச் செருகித் துளையை விரித்ததும் இந்நெறியோடு ஒத்தனவே.

ஆயினும் புண்ணின் இயல்பை இக்காலத்து மருத்துவம் இன்னும் தெளிவாகக் காட்டியுள்ளது. துளையின் உட்புறத்தே புதுத்தோல் இரு வாயில்களிலிருந்தும் நடுவை நோக்கி வளர்கின்றது. ஆதலின் வெளியே ஆறியது போலத் தோன்றும்போதும் உள்ளே புண் இருக்கும். காதின் மென்மடல் ஆற ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும். மேற்காதின் குருத்தெலும்போ பல மாதங்கள், சிலர்க்கு ஓராண்டு வரையும் எடுக்கும்.

இவ்வேற்றுமையை உணராமையால் வந்த துன்பத்தை யான் கண்டதுண்டு. எம் வகுப்பு மாணவி ஒருத்தி கடையொன்றில், வில்விசைத் துப்பாக்கி போன்ற கருவியால் மேற்காதிற் குத்துவித்தாள். சின்னாளிற் காது கனன்று வீங்கியது. வீட்டார் மஞ்சள் அரைத்துப் பூசி ஒரு வாரம் பொறுத்தனர். மருத்துவமனையிற் சீழை அகற்றி உயிர்க்கு ஊறின்றிக் காத்தனர். காதின் வடிவோ சுருங்கிப் போயிற்று. குருத்தெலும்புக்குத் தனக்கென இரத்தக்குழாய் இல்லை. அதனைப் போர்த்த சவ்வே அதனை ஊட்டுகின்றது. இரண்டுக்கும் இடையே சீழ் தேங்கின் எலும்பு பட்டினியால் மடியும். விசைக்கருவி அவ்விடத்தை நசுக்குவதோடு, கொதிநீராவியாற் செவ்வனே தூய்மை செய்தற்கும் பெரும்பாலும் இயலாதது. தூய்மை செய்த, ஒருமுறையே பயன்படும் கூரிய ஊசியே தக்கது.

இனிக் காக்கும் முறை. சோப்பினாற் கையைக் கழுவாமற் காதைத் தொடலாகாது. நாளொன்றுக்கு இருமுறை, மருந்துக்கடையில் விற்கும் 0.9 வீத உப்புநீரால் நனைத்துத் துடைத்து, ஈரம் போக மெல்ல ஒற்றவேண்டும். மதுசாரமும் ஐதரசன் பரவொட்சைட்டும் கிருமியோடு புதுத்தோலையும் வருத்தும், அவை வேண்டா. மஞ்சளின் குணம் யாம் அறிந்ததே. எனினும் அம்மியில் அரைத்த மஞ்சள் கிருமியற்றதன்று. தோட்டைத் தினமும் திருகுக என்பது பழைய புத்திமதி. அது புதுத்தோலைக் கிழிக்கக் கூடுமாதலின் இன்று பலர் அதனைக் கைவிட்டுள்ளனர். அப்பக்கமாகத் துயிலாமையும், சீப்பும் கூந்தலும் சிக்காமற் காத்தலும், கேணியிலும் கடலிலும் மூழ்காமையும் நன்று. நிக்கல் கலந்த மலிவான அணிகளால் ஒவ்வாமை தோன்றலாம். தரமான பொன்னோ தைத்தேனியமோ ஏற்றது. ஏற்பு ஊசி முறையாகப் போடப்பட்டுள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்க. தழும்பு தடித்து வளரும் இயல்பு குடும்பத்திலிருப்பின், குத்துமுன் மருத்துவரை வினவுக.

முதற் சில நாட்களிற் சிறு சிவப்பும், வெளிறிய நீர்க்கசிவும் இயல்பே. நோவு நாளுக்கு நாள் மிகுதல், சூடு, மஞ்சள் அல்லது பச்சைச் சீழ், காய்ச்சல் என்பன தோன்றின் உடனே மருத்துவரிடம் செல்க. அந்நிலையில் தோட்டைத் தாமே கழற்றலாகாது. வாயில் மூடிச் சீழ் உள்ளே சிறைப்படக் கூடும். மேற்காதாயின் ஒரு நாளும் தாமதித்தலாகாது.

கேள்வியாலே துளைக்கப்படாத செவி, கேட்பினும் கேளாச் செவியே என்பது வள்ளுவர் கருத்து. அத்துளை ஆசிரியர் சொல்லால் அமைவது. இத்துளை ஊசியால் அமைவது. இரண்டும் குத்திய அன்றே முற்றுப்பெறுவனவல்ல. பெற்றோரே, அணியின் விலையைப் பார்க்குமுன் ஊசியின் தூய்மையைப் பாருங்கள். விருந்துக்கு நாள் குறிக்கும்போதே ஆறும் வாரங்களையும் எண்ணிக் குறியுங்கள்.