தலைக்கணக்கு – 12: மூடி போடாத அண்டா

ஆயிரம் தொழிலாளர் இருந்தால் ஒரு பாதுகாப்பு அலுவலர் என்ற பழைய கணக்கைப் போன வாரம் பார்த்தோம். தொழிற்சாலைச் சட்டம், 40-பி பிரிவு, 1976 திருத்தம். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். இந்த வாரம் ஆரணிக்குப் போய், ஒரு பட்டுத்தறி ஊருக்கு எத்தனை பாதுகாப்பு ஆட்கள் வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

போவோம். ஆனால் ரயிலில் வந்தால் ‘ஆரணி ரோடு’ என்று இறங்குகிற நிலையமே களம்பூரில்தான் இருக்கிறது. இறங்கியதுமே அவித்த நெல்லின் வாசனை ஆளைப் பிடித்து நிறுத்திவிடுகிறது.

களம்பூர் அரிசியைத் தெரியாத சமையற்கட்டு நம் பக்கத்தில் குறைவு. ஆரணி, களம்பூர் வட்டார ஆலைகளில் நெல் அவிக்க நீராவி வேண்டும். நீராவிக்கு பாய்லர், பாய்லருக்கு உமி. உமியை அந்த நெல்லே கொடுத்துவிடுகிறது. பாய்லர்காரரின் கண் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். கேஜ் கிளாஸ் என்கிற கண்ணாடிக் குழாயில், உள்ளே தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். அதை விட்டால் பிரஷர் முள். டயலில் ஒரு சிவப்புக் கோடு. அந்த அழுத்தத்தை மீறினால் சேஃப்டி வால்வு தானாகத் திறந்து ஊரைக் கூட்டும். பல பாய்லர்களில் இன்னொரு காவலும் உண்டு: உலைக்கு மேலே தகட்டில் பதித்த ஓர் உலோக அடைப்பு. தண்ணீர் அபாயமான அளவுக்கு இறங்கினால் அது உருகி வழிவிடும். நீராவி உலைக்குள் பாய்ந்து நெருப்பை அடக்கும்.

பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குச் சான்றிதழ் வேண்டும். பாய்லருக்கும் பதிவெண் உண்டு, சான்று உண்டு, ஆய்வாளர் வருவார், சோதனை நடக்கும். இதெல்லாம் ஆலையில் எத்தனை பேர் இருந்தால் பொருந்தும்? இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத விஷயம் இதுதான்: எத்தனை பேர் என்ற கேள்வியே பாய்லர் சட்டத்தில் கிடையாது. ஏழு பேரோ எழுபது பேரோ, அதற்குக் கவலையில்லை. அது எண்ணுவது லிட்டரை. 1923-ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து காலனில் கோடு போட்டது. மெட்ரிக் வந்தபோது அதுவே 22.75 லிட்டர் ஆனது, 2007 திருத்தத்தில் 25 ஆனது. தோராயமாக ஒன்றரைக் குடம். அதற்கு மேல் பிடிக்கிற மூடிய பாத்திரத்தில் அழுத்தத்தோடு நீராவி உண்டாக்கினால், பக்கத்தில் ஒற்றை ஆள் நின்றாலும் அரசு எட்டிப் பார்க்கும்.

இந்தச் சட்டத்தின் வேர் கல்கத்தாவில் இருக்கிறது. 1863-இல் அங்கே ஒரு பாய்லர் வெடித்து உயிர்கள் போயின. மறு ஆண்டே, 1864-இல், வங்காளத்தில் பாய்லர் பரிசோதனைக்குச் சட்டம் வந்துவிட்டது. இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-இல்தான். இரும்புப் பாத்திரத்துக்குக் காவல் போட்ட பிறகு, பக்கத்தில் நின்ற மனிதனைத் தேடி வர இன்னும் பதினேழு ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

வந்த சட்டமும் தலையை எண்ணிக்கொண்டே வந்தது. 1881-இல் விசை இயந்திரத்தோடு 100 பேர் இருந்தால்தான் தொழிற்சாலை. 1891-இல் 50. 1922-இல் 20. 1948-இல் விசை இருந்தால் 10, இல்லாவிட்டால் 20. எழுபது ஆண்டுகளுக்குள் கோடு கீழே கீழே இறங்கி, சின்னப் பட்டறையின் வாசற்படி வரைக்கும் வந்துவிட்டது. பிறகு ஏறத் தொடங்கியது. 2020-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டத்தில் விசை இருந்தால் 20, இல்லாவிட்டால் 40. 2025 நவம்பர் 21-இல் அது நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்பு அலுவலர் விஷயத்தில் மட்டும் கோடு இறங்கியிருக்கிறது: சாதாரணத் தொழிற்சாலைக்கு 500 பேர், ஆபத்தான செய்முறை நடக்கும் இடத்துக்கு 250, கட்டட வேலைக்கு 250, சுரங்கத்துக்கு 100. பெரிய ஆலைக்காரருக்குக் கெடுபிடி கூடியது, சின்னப் பட்டறைக்காரர் படியைவிட்டே இறங்கிவிட்டார்.

“ஆரணி எங்கே சார்?” என்று உதவி ஆசிரியர் போனில் கேட்டாயிற்று. இதோ.

சேவூர்ப் பக்கம் ஒரு தறிவீடு. கூடத்தில் இரண்டு குழித்தறி. பெரியவர் குழிக்குள் காலைவிட்டு மிதியை அழுத்த அழுத்த, தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி ‘டக்’ என்று ஏறி இறங்குகிறது. திண்ணையில் அவருடைய மனைவி தார் சுற்றுகிறார். ராட்டைக்குச் சின்ன மோட்டார் வைத்திருக்கிறார்கள். பெல்ட்டுக்கு மறைப்பு இல்லை. முந்தானையை இடுப்பில் இறுகச் செருகிக்கொள்வதுதான் அங்கே பாதுகாப்பு ஏற்பாடு. மழைக்காலத்தில் தறிக்குழியில் ஊற்றெடுக்கும். அதே குழிக்கு மேலே பல்புக்கான ஒயர் தொங்குகிறது. முதுகும் முழங்காலும் கண்ணும் தேய்வதைப் பற்றிப் பெரியவர் பேசவே இல்லை, அது வயசோடு வருவது என்று ஒதுக்கிவிட்டார்.

“அடிபட்டா யாருங்கய்யா பாத்துக்குவாங்க?” என்றேன்.

“யாரு பாப்பாங்க தம்பி? நாலு நாள் தறி நிக்கும். கூலியும் நிக்கும்.”

அந்த வீட்டின் தலைக்கணக்கு மூன்று, மகனையும் சேர்த்து. எந்த ஆண்டின் கோட்டைக் கொண்டுவந்து வைத்தாலும் அந்த வீடு அதற்குக் கீழேதான் கிடக்கும். 1948 சட்டத்தின் 85-ஆவது பிரிவு ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது: ஆள் குறைவாக இருந்தாலும் மாநில அரசு விரும்பினால் ஓர் இடத்தைத் தொழிற்சாலையாக அறிவிக்கலாம். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டது. உரிமையாளர் தம் குடும்பத்தாரை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்தால் அறிவிக்க முடியாது. குடும்பத்துக்குள் சர்க்கார் மூக்கை நுழைக்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் கைத்தறி என்றாலே குடும்பம்தானே.

வீட்டில் வேலை செய்பவரைச் சட்டத்துக்குக் கண்ணே தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், இலையும் தூளும் வாங்கிப் போய் வீட்டில் பீடி சுற்றுகிற பெண்ணையும் தொழிலாளி என்றே எழுதி வைத்தது. முதலாளியிடம் பாவும் ஜரிகையும் வாங்கிப் போய் வீட்டில் கூலிக்கு நெய்கிறவருக்கும் அவளுக்கும் வேலை முறையில் என்ன வித்தியாசம்? வீட்டுவேலைத் தொழிலாளர் பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177-ஆவது உடன்படிக்கை 1996-இலேயே வந்துவிட்டது. இந்தியா இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

இனி தலைப்பில் சொன்ன அண்டா. பட்டுநூலுக்குப் பசை போக்க சோப்புத் தண்ணீரில் வேகவைக்க வேண்டும், பிறகு சாயம் ஏற்ற வேண்டும். சாயப்பட்டறையில் அண்டாவின் விளிம்பில் கழிகளைக் குறுக்கே போட்டு, நூல் சிட்டங்களை அதில் தொங்கவிட்டு, ஆவி முகத்தில் அடிக்கக் கையால் திருப்பித் திருப்பிவிடுவார்கள். அண்டா பிடிக்கிற தண்ணீர் 25 லிட்டரைப் போல் பல மடங்கு. சூடு கொதிநிலைக்குக் கொஞ்சம்தான் குறைவு. பாய்லர் சட்டம் வருமா? வராது, அண்டாவுக்கு மூடி கிடையாது, அழுத்தமும் கிடையாது. தொழிற்சாலைச் சட்டம் வருமா? நாலைந்து பேருக்கு வராது. ஒரு சல்லடை லிட்டரையும் அழுத்தத்தையும் சலிக்கிறது, இன்னொன்று தலையைச் சலிக்கிறது. சாயக்காரர் இரண்டின் ஓட்டையிலும் விழுந்துவிடுகிறார்.

வாக்குக் கொடுத்த கணக்குக்கு வருகிறேன். ஜப்பான்காரர்கள் 1972 சட்டத்தில் அழகாகப் படி கட்டியிருக்கிறார்கள். 10 பேர் வந்தாலே பாதுகாப்பைக் கவனிக்க ஒருவரைப் பொறுப்பில் வைக்க வேண்டும். 50 வந்தால் தொழில் மருத்துவரும் ஒரு சுகாதார மேலாளரும். 200-ஐத் தாண்டினால் சுகாதார மேலாளர் இரண்டு, 500-ஐத் தாண்டினால் மூன்று என்று ஏறி, 3,000-க்கு மேல் ஆறு. படி அழகுதான். ஆனால் முதல் படியே பத்தில் இருப்பதால் மூன்று பேர் வீட்டுக்கு எட்டாது.

ஜெர்மானியர் முறை ஆரணிக்குப் பொருந்தும் என்று தோன்றுகிறது. ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் அங்கே பாதுகாப்பு நிபுணர், தொழில் மருத்துவர் ஆலோசனை கட்டாயம். கொஞ்சம் பெரிய நிறுவனங்களுக்கு மணிக்கணக்கு: ஆபத்தின் தரத்தைப் பொறுத்து ஆளுக்கு ஆண்டுக்கு 2.5 அல்லது 1.5 அல்லது 0.5 மணி நேரம், நிபுணருக்கும் மருத்துவருக்கும் சேர்த்து. ஆளை எண்ணினால் மூன்று பேர் வீட்டுக்குக் கிடைப்பது பூஜ்யம். மணியை எண்ணினால் அந்த வீட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

நெசவை நடுத்தரத்தில் வைத்துக்கொள்வோம். ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பதிவேட்டில் ஆயிரம் பேர் என்று வைத்துக்கொண்டால் 1,500 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி என்றால் 188 நாள் வேலை. ஏறக்குறைய ஒரு முழுநேர ஆள், அதில் ஒரு பங்கை மருத்துவர் எடுத்துக்கொள்வார். ஆயிரத்துக்கு ஒருவர்! நம்முடைய 1976 திருத்தத்தின் எண்ணுக்கே வந்து நிற்கிறோம், ஒரே கூரை வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் போயிற்று. ஆரணி, சேவூர், தேவிகாபுரம் தறிகளையெல்லாம் ஒரு கூரைக்குள் வைத்துப் பார்த்தால் பெரிய ஆலை. அந்த ஆலைக்குரிய அலுவலர் டி.வி.எஸ். ஓட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போய் ஒயரையும் பெல்ட்டையும் பார்க்க வேண்டியவர், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவருக்குச் சம்பளம் யார் கொடுப்பது? சங்கமா, பாவு கொடுக்கும் முதலாளியா, 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் நடக்கும் கைத்தறி நல வாரியமா? இந்த வாரமே சொல்லியிருப்பேன், பாய்லர் இடத்தைச் சாப்பிட்டுவிட்டது. அடுத்த வாரம் வாரியத்தின் கணக்கும், சாயப்பட்டறைக்கு உள்ளேயும். ஆரணி வட்டாரத்து வாசகர்கள் உங்கள் பட்டறை அண்டா எத்தனை லிட்டர் பிடிக்கும், அதைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று இரண்டே எண்களை ஓர் அஞ்சலட்டையில் எழுதிப் போடுங்கள். மற்றதை நான் கூட்டிக்கொள்கிறேன்.

(எண்ணுவோம்)