தோற்றவர் குரல்

போரிலே தோற்ற ஓர் இனத்தின் வரலாற்றை எழுதுபவர் யாவர்? பெரும்பாலும் அவ்வினத்தை வென்றவரே. கோல் நாட்டுக் கெல்ற்றிய மக்களின் கதை இதற்குத் தக்க சான்றாகும்.

இன்று பிரான்சு என வழங்கும் நிலப்பரப்பின் பெரும்பகுதியில் வாழ்ந்த அம்மக்கள் பல குலங்களாய்ப் பிரிந்து தம்முட் பகைத்து நின்றனர். கி. மு. 58 இல் உரோமத் தளபதி யூலியஸ் சீசர் அங்குப் படையுடன் புகுந்தபோது அப்பகைமையே அவனுக்குத் துணையாயிற்று. கி. மு. 52 இல் ஆர்வேர்ணிக் குலத்து இளைஞனான வேர்சிங்கெற்றோரிக்ஸ், சிதறிக் கிடந்த குலங்கள் பலவற்றை ஒன்றுதிரட்டினான். பகைவர்க்கு உணவு கிட்டாதிருத்தற்பொருட்டு, ஒரே நாளில் 20 இற்கும் மேற்பட்ட ஊர்கள் அவற்றுக்கு உரியோராலேயே எரியூட்டப்பட்டன. அவாரிக்கம் என்னும் அழகிய நகரம் மாத்திரம், அதன் மக்கள் மன்றாடியமையால் விட்டுவைக்கப்பட்டது. அவ்விரக்கமே கேடாய் முடிந்தது. உரோமர் அந்நகரைக் கைப்பற்றியபோது அங்கிருந்த ஏறத்தாழ 40,000 பேருள் 800 பேரே உயிர்தப்பினர் என்பது சீசர் தரும் கணக்கு.

கெர்கோவியாவில் சீசரைப் பின்னடையச் செய்த அவ்வீரன், ஈற்றில் அலேசியாக் குன்றில் முற்றுகைக்கு உள்ளானான். சீசர் குன்றைச் சூழ 11 உரோம மைல் நீளத்துக்கு ஓர் அரணும், வெளியிலிருந்து வரும் உதவிப்படையைத் தடுக்க 14 மைல் நீளத்துக்கு மற்றோர் அரணும் அமைத்தான். உள்ளே உணவு அருகியது. ஊருக்குரிய மாந்துபியர் தம் பெண்டிர் பிள்ளைகளோடு வெளியேற்றப்பட்டனர். அடிமைகளாகவேனும் ஏற்று உணவளிக்குமாறு அவர்கள் அழுது வேண்டியும் சீசர் இணங்கவில்லை. உதவிப்படையும் முறியவே வேர்சிங்கெற்றோரிக்ஸ் சரணடைந்தான். ஆறாண்டுச் சிறைவாசத்தின் பின், கி. மு. 46 இல் உரோமாபுரியில் நிகழ்ந்த வெற்றி ஊர்வலத்திலே காட்சிப்பொருளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டான்.

இவற்றையெல்லாம் நாம் பெரும்பாலும் சீசரின் நூலிலிருந்தே அறிகின்றோம். உரோம ஆட்சி என்றும் நீங்கா அடிமைத்தளையே என அலேசியாவில் கிரித்தொக்நாத்தஸ் என்பவன் முழங்கிய உரையும் அந்நூலிலேதான் உளது. அது அவன் வாய்மொழியோ, சீசரின் சொல்லாற்றலோ என்பதை எவரே துணிந்து கூறவல்லார்?

கெல்ற்றியர் கல்லாதவரல்லர். துரூயிதர் எனப்பட்ட அவர்தம் அறிஞரிடம் மாணாக்கர் சிலர் 20 ஆண்டுவரை தங்கிப் பாடல்களை மனனம் செய்தனர். கணக்கு முதலியவற்றுக்குக் கிரேக்க எழுத்தைக் கையாண்ட அவர்கள், திருமறைகளை எழுதுதல் தகாதென விலக்கினர். கல்வி பொதுமக்களிடை பரவலாகாது, ஏட்டை நம்பினால் நினைவாற்றல் குன்றும் என்பனவே காரணங்கள் எனச் சீசர் கருதினான். நினைவைப் பேணிய வழிமுறை அற்றபோது, நெஞ்சிலே காத்த அச்செல்வமும் உடன் அழிந்தது.

1865 இல் மூன்றாம் நெப்போலியன் அலேசியாவில் அவ்வீரனுக்குப் பெருஞ்சிலை எழுப்பினான். அச்சிலையின் முகமோ நெப்போலியனின் சாயல் உடையதென்பர். கதையைப் பகைவன் எழுத, முகத்தையும் பிறனொருவன் தந்தான்! அவன் பெயர் பொறித்து அவன் காலத்தில் வெளிவந்த பொற்காசுகள் சில இன்றும் உள. அவனைக் குறித்து அவன்தன் மக்கள் எழுதியதாக நமக்கு எஞ்சியிருப்பது அப்பெயர் ஒன்றே.